பாகாயம் லைனில் பெங்காலி சேனல்

வேலூர் பாகாயத்தில் கேபிள் ஒயர் இழுத்தவர்களுக்கு வெளியூர் ஆபரேட்டர்கள் அதிகம் அறியாத ஒரு தலைவலி உண்டு: பெங்காலி சேனல். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. 1957-இல் தொடங்கிய அவர்களுடைய மனநல மையமும் இங்கேதான். நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது அங்கே வழக்கம். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருபவர்கள் வாரக்கணக்கில் அறை எடுத்து இருப்பார்கள். சாயந்திரம் சீரியல் நேரத்தில் லாட்ஜ்காரர் போன் போடுவார்: "அண்ணே, பெங்காலி வரலியாம், உயிர எடுக்கிறாங்க."

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது மொட்டை மாடியில் பெரிய டிஷ், அறைக்குள் சேனலுக்கு ஒரு ரிசீவர், ஒரு மாடுலேட்டர். 1991-இல் ஸ்டார் டி.வி. வந்து, 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டி.வி.யும் வந்த பிறகு, கேபிள் இல்லாத தெருவே இருக்கக்கூடாது என்றாகிவிட்டது. 1995-இன் கேபிள் டி.வி. சட்டம் எங்களைத் தலைமைத் தபால் நிலையத்தில் போய்ப் பதிவு செய்யச் சொன்னது. படம் காட்டுகிறவனுக்குத் தபால் ஆபீசில் என்ன வேலை என்று அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

அந்தக் காலத்து ஒயரில் ஒரு சேனல் 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒயர் நிறைந்துவிட்டால் ஒன்றை எடுத்தால்தான் இன்னொன்று. பெங்காலி போட்டால் பக்திச் சேனல் போய்விடும், பாட்டிமார் விடமாட்டார்கள். தூரம் போகப் போக ஆம்ப்ளிபயர் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ஓட்டேரிப் பக்கம் கடைசி வீட்டில் படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும்.

2006-இல் தமிழக அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்ததும் கனெக்‌ஷன் கூடியது. அடுத்த ஆண்டே அரசு கேபிள் நிறுவனம். அது முதலில் அமைத்த நான்கு கட்டுப்பாட்டு அறைகளில் வேலூரும் ஒன்று. இடையில் படுத்துக் கிடந்த அது, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் என்று மீண்டும் எழுந்தது. சிக்னல் அங்கிருந்தே வந்ததால் என் டிஷ்ஷில் துணி காய்ந்தது. எந்தச் சேனல் எந்த நம்பரில் என்பதை அதன்பின் வேறு யாரோ முடிவு செய்தார்கள். செட்டாப் பாக்ஸ் வந்து, 2019-இல் சேனல்வாரியாகப் பணம் கட்டும் முறையும் வந்தது. மூன்று வாரம் தங்குகிறவர் லாட்ஜ்காரர் பெயரிலுள்ள பாக்ஸில் மாத பேக் போடச் சொன்னால், யார் போடுவார்?

இணைய வழி டி.வி. இந்தக் கணக்கை மாற்றியது. பழைய ஒயரில் எல்லாச் சேனலும் எல்லார் வாசலிலும் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும், டி.வி. ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளும். இதிலோ ரிமோட்டை அமுக்கினால் கோரிக்கை மேலே போகிறது, கேட்ட சேனல் மட்டும் இறங்கி வருகிறது. ஒரே சேனலை நூறு வீடு பார்த்தாலும் சர்வரிலிருந்து ஒரே ஓட்டம்தான். லைன் பிரியும் இடத்தில்தான் அது நகலாகிறது. யாரும் கேட்காத சேனல் நம் பக்கமே வராது. ஆகவே பெங்காலி, ஒடியா, அசாமி எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம், பாட்டிமாருக்கு நஷ்டமில்லை.

யூடியூப் மாதிரிதானே என்பார்கள். இல்லை. பி.எஸ்.என்.எல். 2024 அக்டோபரில் தமிழ்நாட்டில் தொடங்கியதையே பாருங்கள்: 500-க்கு மேல் சேனல், எல்லாம் அவர்களுடைய சொந்த நெட்வொர்க்குக்குள்ளேயே ஓடுகிறது, வாடிக்கையாளரின் டேட்டா கழியாது. ஃபைபரில் வருவதெல்லாம் இணைய வழி டி.வி.யும் அல்ல: சில ஆபரேட்டர்கள் ஒரே ஃபைபரில் இணையத்தை ஓர் அலைநீளத்திலும் பழைய கேபிளை 1550 நானோமீட்டரிலும் அனுப்புகிறார்கள். பெட்டி புதுசு, சரக்கு பழசு.

குறையும் உண்டு. படத்தைச் சுருக்கி, கொஞ்சம் சேர்த்துவைத்துத்தான் ஓட்ட வேண்டும். சில நொடி தாமதம். கேபிள் வைத்திருக்கும் எதிர்வீட்டில் "அவுட்!" என்று கத்திய பிறகுதான் இந்த வீட்டில் பவுலர் ஓடி வருகிறார்.

அதைவிடப் பெரிய தொல்லை, பள்ளம் தோண்டி லைனை அறுக்கும் ஜே.சி.பி. பழைய ஒயர் அறுந்தால் பிளேடு, டேப் இருந்தால் போதும், பையனே ஒட்டிவிடுவான். ஃபைபருக்கு ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும். முடி போன்ற இழையைத் துடைத்து, நேராக வெட்டி, மின்பொறியில் உருக்கிச் சேர்க்கிற அந்த மெஷினை நாங்கள் சிலர் பங்கு போட்டு வாங்கியிருக்கிறோம். ஐ.பி.எல். நடக்கும்போது இரண்டு தெருவில் ஒரே நேரம் லைன் அறுந்தால், மெஷின் முதலில் யாருக்கு என்று எங்களுக்குள் அடிதடி ஆகாத குறைதான்.