மாற்றுத்திறனாளி முன்னாள் படைவீரர் நலன் (இந்தியா)

மாற்றுத்திறனாளி முன்னாள் படைவீரர் நலன் என்பது, இந்தியாவின் தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றில் பணியாற்றியபோது காயத்தாலோ நோயாலோ உடற்குறை அடைந்து விடுவிக்கப்பட்டோருக்கு ஓய்வூதியம், மருத்துவம், உறைவிடம் ஆகியவற்றைப் பொது நிதியிலிருந்து வழங்கும் ஏற்பாடுகளைக் குறிக்கும். இவற்றுள் பெரும்பாலானவை ஓய்வூதியத் தகுதியை அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே, ஓய்வூதியம் பெறாத வீரர்களின் நிலை இத்துறையின் முதன்மையான சிக்கலாகக் கருதப்படுகிறது.

வரலாறு

முதல் உலகப் போரில் உறுப்புகளை இழந்த இந்திய வீரர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிப்பதற்காக 1917 ஆம் ஆண்டில் மும்பையில் குயின் மேரி தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கப்பட்டது. இது பின்னர் புனே அருகிலுள்ள கட்கிக்கு மாற்றப்பட்டது. விடுதலைக்குப் பின்னர், 1949 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 ஆம் நாள் கொடி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று மக்களிடம் திரட்டப்படும் தொகை கொடிநாள் நிதியில் சேர்க்கப்படுகிறது.

நிருவாகம்

பாதுகாப்பு அமைச்சரைத் தலைவராகக் கொண்ட மத்திய முப்படைவீரர் வாரியம் நலத்திட்டங்களை நெறிப்படுத்துகிறது. மாநில அளவிலான வாரியங்களின் செலவை மத்திய அரசும் மாநில அரசுகளும் பகிர்ந்துகொள்கின்றன. தமிழ்நாட்டில் இப்பணியை முன்னாள் படைவீரர் நலத்துறை மேற்கொள்கிறது. கொடிநாள் நிதி வசூல் மாவட்ட ஆட்சியரின் தலைமையில் நடைபெறுகிறது.

உறைவிடம்

முதுகுத்தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கை கால் செயலிழந்த வீரர்களுக்காக 1974 இல் கட்கியில் ஒரு மறுவாழ்வு மையம் அமைக்கப்பட்டது. பஞ்சாபின் மொகாலியிலும் இத்தகைய மையம் உள்ளது. தங்குமிடம், செவிலியர் கவனிப்பு, இயன்முறை மருத்துவம், தொழிற்பயிற்சி ஆகியன இங்கு ஒரே இடத்தில் கிடைக்கின்றன. சக்கர நாற்காலிக் கூடைப்பந்து, வாயால் தூரிகை பிடித்து ஓவியம் வரைதல் ஆகியவற்றிலும் இங்குள்ளோர் ஈடுபடுகின்றனர். இம்மையங்களுக்குக் கொடிநாள் நிதியிலிருந்து மானியம் அளிக்கப்படுகிறது.

மருத்துவம்

முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்டது. ஓய்வூதியம் பெறும் வீரர்களும் அவர்தம் குடும்பத்தினரும் இத்திட்டத்தின் மருந்தகங்களிலும், இணைக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். உறுப்பினராக ஒருமுறை பங்களிப்புத் தொகை செலுத்த வேண்டும். போரில் உடற்குறை அடைந்தோருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

ஓய்வூதியமும் நீதிமன்றத் தீர்ப்புகளும்

உடற்குறைக்கான ஓய்வூதியக் கூறு கிடைக்க, குறைபாடு குறைந்தது 20 விழுக்காடாகவும், படைப்பணியால் உண்டானதாகவோ அதனால் மிகுந்ததாகவோ இருக்க வேண்டும். இவ்விரண்டாவது நிபந்தனையே பெரும்பாலான வழக்குகளுக்குக் காரணம். பணியில் சேரும்போது நோய் ஏதும் பதிவாகாத வீரருக்குப் பின்னர் ஏற்படும் குறைபாடு, மாறாக மெய்ப்பிக்கப்படாதவரை, பணியால் வந்ததாகவே கொள்ளப்பட வேண்டும் என 2013 இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விடுபட்டோர்

பத்தாண்டுப் பணியை நிறைவு செய்யுமுன், பணியோடு தொடர்பில்லாத குறைபாட்டால் விடுவிக்கப்பட்டவருக்கு முன்பு ஒருமுறைப் பணிக்கொடை மட்டுமே வழங்கப்பட்டது. 2020 சூலையில் இவர்களுக்கும் ஓய்வூதியம் அறிவிக்கப்பட்டது. எனினும், 2019 சனவரி 4 அன்றோ அதன் பின்னரோ பணியில் இருந்தவர்களுக்கே இது பொருந்தும்.

பயிற்சிக் காலத்தில் காயமுற்று வெளியேற்றப்பட்ட அதிகாரிப் பயிற்சியாளர்கள் முன்னாள் படைவீரர்களாகக் கருதப்படுவதில்லை. இவர்களின் நிலையை 2025 ஆகத்தில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதே மாதத்தில் பங்களிப்பு மருத்துவத் திட்டம் இவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

ஓய்வூதியமும் நிலையான வருவாயும் இல்லாத, 65 அகவை கடந்த முன்னாள் வீரர்களுக்குக் கொடிநாள் நிதியிலிருந்து வறுமை உதவித்தொகை வழங்கப்படுகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த இத்தொகை 2025 நவம்பர் முதல் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உணவு, வாடகை, மருந்து ஆகிய அனைத்தையும் இத்தொகைக்குள் அடக்க வேண்டியுள்ளது.

பிற நாடுகள்

ஐக்கிய அமெரிக்காவில் வீடற்ற முன்னாள் படைவீரர்களுக்கு வாடகை உதவிச் சீட்டும் மருத்துவக் கவனிப்பும் இணைத்து வழங்கும் திட்டம் 1992 இல் தொடங்கப்பட்டு, 2008 முதல் பெரிதும் விரிவுபடுத்தப்பட்டது. அந்நாட்டில் 2010 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 74,000 இற்கும் மேலாக இருந்த வீடற்ற முன்னாள் படைவீரர் எண்ணிக்கை, 2024 இல் 32,882 ஆகக் குறைந்தது.