ஆறு மாதிரிகள்: ஓர் ஆய்வேட்டின் வரலாறு

மருத்துவக் கல்லூரியில் எம்.டி. படிக்கிறவர்கள் ஓர் ஆய்வேடு கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் அது சடங்குதான். கைக்கெட்டின நோயாளிகள், கைக்கெட்டின சோதனை, பைண்டிங் பண்ணி நூலகத்தில் வைத்தால் தீர்ந்தது. 1985 டிசம்பரில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் செல்லப்பன் நிர்மலா என்ற முப்பத்திரண்டு வயது மாணவி தலைப்புத் தேடிக்கொண்டிருந்தார். எய்ட்ஸை எடுத்துக்கொள்ளச் சொன்னவர் பேராசிரியர் சுனிதி சாலமன். மாணவிக்குத் தயக்கம். பம்பாயில் எடுத்த ரத்தத்திலேயே ஒன்றும் அகப்படவில்லை, மெட்ராஸ்ல எங்கேயிருந்து வரப்போவுது? அது வெள்ளைக்காரனின் ஒழுக்கக்கேட்டு நோய், நம்மை நம் பண்பாடு காப்பாற்றும் என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்த நேரம். பேராசிரியர் விடவில்லை. பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வியை மாணவியின் கையில் கொடுப்பதுதான் கற்பித்தல் என்றால், இது கற்பித்தல்.

ஆனால் யாருடைய ரத்தம்? பம்பாயைப் போல மெட்ராஸில் தனியாக ஒரு சிவப்பு விளக்குப் பகுதி கிடையாது. நிர்மலா பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போனார். அங்கு வந்த ஒன்றிரண்டு பெண்களோடு பழகி, அவர்கள் மூலம் மற்றவர்களைத் தெரிந்துகொண்டார். பலருடைய சீட்டில் முகவரிக்குப் பதில் 'வி. ஹோம்' என்று இருந்தது. விஜிலன்ஸ் ஹோம். 1956 சட்டத்தின்கீழ் பிடிபட்டு, ஜாமீன் கட்டக் காசில்லாத பெண்களை அடைத்துவைக்கும் அரசு இல்லம்.

இதற்கு முன்கதை இருக்கிறது. 1868-இன் தொற்றுநோய்ச் சட்டம் வெள்ளைச் சிப்பாய்களின் ஆரோக்கியத்துக்காகப் பெண்களைப் பதிவு செய்து, கட்டாய சோதனைக்கு உட்படுத்தி, நோயிருந்தால் 'லாக் ஆஸ்பத்திரி'யில் அடைத்தது. சிப்பாய்க்குச் சோதனை இல்லை. 1888-இல் சட்டம் போனது, பழக்கம் போகவில்லை. மருத்துவத்தின் பார்வை உடல்மீது எப்படி அதிகாரமாகிறது என்று எழுதிய ஃபூக்கோ 1984 ஜூனில் எய்ட்ஸ் நோயால்தான் இறந்தார். அவரை மேற்கோள் காட்டுகிற நாம் நம் ஊரின் 'வி. ஹோம்' சீட்டைப் படித்ததில்லை.

தினமும் காலையில், பஸ் காசு மிச்சமாகட்டும் என்று கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட, மூன்று மாதம் எண்பது, நூறு பேரிடம் நிர்மலா ரத்தம் எடுத்தார். கையுறை இல்லை. எதற்கென்று அந்தப் பெண்களிடம் சொல்லவும் இல்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள். படிக்காதவர்கள், சொன்னாலும் புரிந்திருக்காது என்று முப்பது வருஷம் கழித்து அவரே வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் காலத்தில் ஒப்புதல் என்ற பேச்சே கிடையாது என்று நாம் சமாதானம் சொல்ல முடியாது. மனிதர்கள்மீதான ஆய்வுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1980-லேயே நெறிமுறை வெளியிட்டிருந்தது. 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லி எழுந்து போக முடியாத இடத்தில் ரத்தம் எடுப்பது சுலபம். மாதிரிகள் கிடைத்ததற்குக் காரணம் அந்தப் பூட்டும்தான்.

இன்னொரு பக்கம், அந்த வறுமையான ஆய்வைப் பார்த்தால் மரியாதை வராமல் இருக்காது. சுனிதியின் கணவர் விக்டர் சாலமன் இதய அறுவை மருத்துவர். அவர் மூலம் கருவிகளை இரவல் வாங்கி ஒரு சின்ன ஆய்வுக்கூடம். ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் நிர்மலாவின் வீட்டு ஃபிரிட்ஜில், சமையல் சாமானோடு. எலிசா சோதனை சென்னையில் கிடையாது. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கணவனும் மனைவியும் ராத்திரி ரயிலில் காட்பாடி, அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் சி.எம்.சி. வைராலஜித் துறையின் ஜேகப் ஜான், உதவிக்கு ஜார்ஜ் பாபு, எரிக் சிமோஸ் என்ற இரண்டு இளைஞர்களைக் கொடுத்தார். மத்தியானம் கரண்ட் போச்சு. டீ குடித்துவிட்டு வந்து ஜார்ஜ் பாபு மூடியைத் திறந்தவர், உடனே மூடிவிட்டார். ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன. எதிர்ப்பொருள் இருந்தால்தான் அந்த நிறம் வரும். பின்னால் அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் சோதனை அதை உறுதி செய்தது. அந்த ஆறில் ஒருத்தி பதின்மூன்று வயதுப் பெண், கடத்திவரப்பட்டவள் என்று சுனிதி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தபோது ஆசிரியையும் மாணவியும் பார்வையாளர் மாடத்தில் இருந்தார்கள். 1987 மார்ச்சில் நிர்மலா ஆய்வேட்டைக் கொடுத்தார். தலைப்பு 'தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு'. இல்லத்தின் பெயருக்கும் ஆய்வின் பெயருக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொல். தமிழில் இரண்டுமே கண்காணிப்புதான்.

அறிவியலுக்கு விடை கிடைத்தது. அந்த வகைப் பெண்களுக்குக் கிடைத்தது கூடுதல் சிறை. தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தண்டனைக் காலம் முடிந்தும் பெண்கள் அடைத்துவைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, 1990-இல்தான் கதவு திறந்தது. கவனியுங்கள், திறந்தது மருத்துவம் அல்ல, ஒரு ரிட் மனு.

சுனிதி சாலமன் அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை கசப்பாகவே முடிந்திருக்கும். அவர் அரசு வேலையை விட்டார். 1993-இல் தி.நகரில் ஒய்.ஆர்.ஜி. கேர் தொடங்கினார். அது பிறகு அடையாறுக்குப் பக்கத்தில் தரமணியில் வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்துக்குப் போனது. சோதனைக்கு முன்னாலும் பின்னாலும் உட்கார்ந்து பேசுவது அங்கே சிகிச்சையின் பாதி. தொற்றுள்ளவர்களுக்கு வரன் பார்த்துக் கல்யாணமும் செய்துவைத்தார். மற்ற மருத்துவமனைகள் திருப்பி அனுப்பிய ஆட்கள் தாங்களாகவே நடந்து வந்தார்கள். விஜிலன்ஸ் ஹோமில் கேட்கப்படாமல் போன கேள்வியை அவர் இருபது வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நான் வாசிக்கிறேன். அவர் அப்படிச் சொன்னதாக இல்லை.

2015 ஜூலை 28-இல் அவர் இறந்தார். மறைவுக்குப் பின் 2017-இல் பத்மஸ்ரீ வந்தது. எச்.ஐ.வி. சோதனைக்கும் ஆய்வுக்கும் சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் வேண்டும் என்ற சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே வருஷம்தான். நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பரில்.