டீப்பாய் வந்த வழி

சோபாவுக்கு முன்னால் கிடக்கும் முழங்கால் உயர மேசைக்கு எங்கள் வீட்டில் டீப்பாய் என்றுதான் பெயர். கடையில் காஃபி டேபிள் என்று கேட்டு வாங்குவோம், வீட்டுக்குள் வந்ததும் அது டீப்பாய் ஆகிவிடும். டீ வைக்கிற பலகை, அதனால் டீப்பாய் என்று சொல்பவர்கள் நிறைய. உண்மையில் டீக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை.

இந்தியில் 'திபாயி' என்றால் மூன்று கால் உடையது. நாம் முக்காலி, நாற்காலி என்று காலை எண்ணிப் பெயர் வைத்த அதே முறைதான். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லைத் தங்கள் வாய்க்கு ஏற்ப டீபாய் ஆக்கினார்கள். அது லண்டன் போனபோது முன்பாதி 'டீ' என்று காதில் விழ, அங்கே தேயிலைப் பெட்டியைத் தாங்கும் ஒற்றைத்தூண் மேசைக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே இந்தக் குழப்பத்தைப் பதிவு செய்திருக்கிறது. ஆங்கிலக் காது முன்பாதியை டீ என்று கேட்டது போல, தமிழ்க் காது பின்பாதியைப் பாய் என்று கேட்டிருக்கலாம். விருந்தாளி வந்தால் பாய் விரிக்கிறவர்களுக்கு, டீக்கென்று ஒரு பாய் இருப்பதில் என்ன வியப்பு?

சொல் வந்த வழி இவ்வளவுதான். பொருள் வந்த வழி அத்தனை எளிதல்ல. டீப்பாய் போட வேண்டுமென்றால் முதலில் ஹால் வேண்டும். அதாவது தூங்குவதற்கோ சமைப்பதற்கோ இல்லாமல், உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஓர் இடம். அந்த இடம் நம் ஆட்களுக்கு எப்போது கிடைத்தது என்று பார்க்க தஞ்சோங் பகார் நல்ல ஊர். என் அலுவலகம் அங்கேதான், மதிய உணவு நேரத்தில் நடந்தே பார்த்துவிடலாம்.

நீல் சாலை 157ஆம் எண் வீடு இப்போது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பாபா இல்லம். வீ என்ற பெரனாக்கான் சீனக் குடும்பத்தின் பூர்வீக வீடு. 1928இல் எப்படி இருந்திருக்குமோ அப்படி மீட்டெடுத்து 2008இல் திறந்தார்கள். வாசலைத் தாண்டியதும் முதலில் வருவது வரவேற்புக் கூடம். செதுக்கு வேலைப்பாடுள்ள மரச்சாமான்கள் இருபுறமும் சமமாக நிற்கும். அந்தக் கூடம் வீட்டாரைவிட வருகிறவருக்காகவே அமைந்தது. உள்ளே நுழைந்தவுடன் இந்தக் குடும்பம் எத்தகையது என்று அவருக்குத் தெரிந்துவிட வேண்டும்.

அதே காலத்தில் சில தெருக்கள் தள்ளி வேறொரு தஞ்சோங் பகார் இருந்தது. 1864இல் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்குத் தமிழர்கள் வந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் இங்கே குடியேறினார்கள். தனி ஆண்களாக வந்துபோன மற்றப் பலரைப் போலல்லாமல் கடையநல்லூர்க்காரர்கள் குடும்பமாக வந்தார்கள். பெண்களும் சும்மா இருக்கவில்லை. அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். 1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது; 1946இல் அது உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. மேக்ஸ்வெல் உணவங்காடிக்கு எட்டும் தூரத்தில் கடையநல்லூர் தெரு என்ற பெயர்ப்பலகை இன்றும் நிற்கிறது.

அந்தக் காலத்து நகர மையத்துக் கடைவீடுகளின் மேல்மாடிகள் பலகைத் தடுப்புகளால் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பேரிங்டன் கே என்ற ஆய்வாளர் 1950களில் பக்கத்துச் சீனக் குடியிருப்பான மேல் நான்கின் தெருவில் வீடு வீடாகப் போய் ஆய்வு செய்து, 1960இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு குடும்பத்துக்கு ஒரு தடுப்பறை, பலவற்றுக்குச் சன்னலே கிடையாது. படுக்கை, பெட்டி, பாத்திரம், துணி எல்லாம் அதற்குள்தான். இப்படிப்பட்ட அறையில் வந்தவரை எங்கே உட்கார வைப்பது? பேச்செல்லாம் கீழே அஞ்சடியில்தான். டீயும் அங்கேதான், கோப்பை கையிலேயே இருக்கும். கோப்பையைத் தாங்குவது தவிர வேறு வேலை இல்லாத ஒரு மேசைக்கு அந்த வாழ்க்கையில் இடமில்லை. மசாலா அரைத்த அந்தப் பெண்களிடம் இருந்த கனமான சாமான் அம்மிதான், அதுவும் தொழில் கருவி.

1960 பிப்ரவரி 1இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. முதல் ஐந்தாண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. டக்ஸ்டன் பிளெய்னில் எழுந்த இரண்டு பத்து மாடிக் கட்டடங்கள்தான் தஞ்சோங் பகார் வட்டாரத்தின் முதல் வீவக புளோக்குகள். பலகைத் தடுப்புக்குப் பதில் செங்கல் சுவர், சொந்தக் குழாய், சொந்தக் கழிவறை. பின்னாளில் மூவறை, நாலறை வீடுகள் வந்தபோது கதவைத் திறந்ததும் ஒரு ஹால்.

ஹாலைக் கொடுத்தால் போதுமா, அதில் எப்படி வாழ்வது என்றும் சொல்லித்தர வேண்டாமா? 1972 முதல் 1989 வரை கழகம் 'அவர் ஹோம்' என்ற இதழை நடத்தியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், குடியிருப்பாளர்களுக்கு இலவசம். சமையல் குறிப்பு, அக்கம்பக்கத்துச் செய்தி இவற்றோடு, சாதாரணக் குடியிருப்பாளர்கள் தங்கள் வீட்டை அலங்கரித்த விதத்தைப் படத்தோடு போட்டார்கள். நவீனமாக வாழ்வது என்றால் என்ன என்பதற்கு அரசாங்கம் கொடுத்த படப்பாடம் என்றே அதைச் சொல்லலாம். நீல் சாலை மாளிகையில் பரம்பரைச் சொத்தாக இருந்த வரவேற்புக் கூடம், அடுக்குமாடி வீட்டில் தவணை கட்டி வாங்கும் பொருளானது. அதன் நடுவே டீப்பாய் வந்து உட்கார்ந்தது.

அந்தத் தலைமுறை டீப்பாயை எங்கள் தாத்தா வீட்டில் பார்த்திருக்கிறேன். மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் குடும்பப் படங்கள். அதன்மேல் பாட்டி கையால் பின்னிய லேஸ் விரிப்பு, நடுவில் பிளாஸ்டிக் பூ. கீழ்த்தட்டில் தமிழ் முரசு, கரண்ட் பில், யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகை. இன்றைய கண்ணுக்கு இது நெரிசல். ஆனால் தடுப்பறையில் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த படங்கள் முதன்முதலாக வந்தவர் பார்க்கும்படி வெளியே வந்தது இந்தக் கண்ணாடிக்கு அடியில்தான். "இது யாரு?" என்று கேட்காமல் யாரும் அங்கே டீ குடித்ததில்லை.

வந்தவர் யார் என்பதும் மாறியது. பழைய வட்டாரங்கள் இடிக்கப்பட்டபோது தஞ்சோங் பகார்த் தமிழர்களும் தீவு முழுக்கச் சிதறினார்கள். உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒரு புளோக்கில் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு என்று வரம்பு விதித்தது. இனி பக்கத்து வீட்டில் சொந்த ஊர்க்காரர் இருப்பது அரிது. தெருவே ஊராக இருந்தபோது அஞ்சடியில் நடந்த வேலையை இப்போது ஹால் செய்ய வேண்டியிருந்தது. தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் டீப்பாயின் பூவும் லேஸும் உள்ளே போய்விடும். சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல்கள் வரிசையாக ஏறும். முறுக்கு, அச்சு முறுக்கு, அன்னாசிப் பழக் கேக். மொழி புரியாத அண்டை வீட்டுக்காரருக்கும் போத்தலைத் திறந்து நீட்டினால் புரியும்.

இப்போது அந்த இரண்டு டக்ஸ்டன் கட்டடங்களும் இல்லை. அவை இருந்த இடத்தில் 2009இல் முடிந்த பினாக்கள், 50 மாடி, 1,848 வீடுகள். இன்று வீட்டு அலங்காரம் சொல்லித்தரும் வீடியோக்களில் டீப்பாய்க்கு ஒரு சூத்திரமே இருக்கிறது. ஒரு தட்டு, உயரம் மாறும் மூன்று பொருள்கள், மெழுகுவத்தி, இரண்டு பெரிய படப் புத்தகங்கள். அந்தப் புத்தகங்களைப் படிக்க வேண்டியதில்லை. இது புதிய வழக்கமும் இல்லை. தன் கட்டுரை நூலைச் சீமாட்டிகள் கூடத்தில் வைக்கும் சாமானாக ஆக்கிவிட்டார்களே என்று 16ஆம் நூற்றாண்டிலேயே மான்டெய்ன் புலம்பியிருக்கிறார்.

சூத்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, பொறியாளனுக்குச் சூத்திரம் பிடிக்கும். ஆனால் அதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அது கேமராவுக்காக எழுதிய சூத்திரம், கோப்பை வைக்க இடம் ஒதுக்குவதில்லை. என் வயது நண்பர்கள் பலர், இடத்தை அடைக்கிறது என்று டீப்பாயே வேண்டாம் என்கிறார்கள். "வர்றவங்க டீய எங்க வைப்பாங்க?" என்று அம்மா கேட்டால், "யாரும்மா வர்றா?" என்கிறார்கள். அந்தப் பதில்தான் எனக்கு உறுத்துகிறது. ஹால் இல்லாத காலத்தில் வந்தவர்கள் இருந்தார்கள், உட்கார வைக்க இடம்தான் இல்லை. இப்போது இடமிருக்கிறது.

பாபா இல்லத்தின் கூடத்தை 1928இல் இருந்தபடி காப்பாற்றிவிட்டோம், நல்லது. தடுப்பறையிலிருந்து ஹாலுக்கு வந்தவர்களின் முதல் டீப்பாயை யாரும் அப்படி வைத்திருக்கப்போவதில்லை. பெரும்பாலானவை வீடு மாறும்போது புளோக்கின் கீழே விட்டுச்செல்லப்பட்டிருக்கும். உங்கள் வீட்டில் இன்னும் ஒன்று இருந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் கண்ணாடியை எடுத்து அடியில் இருக்கும் படங்களைப் பாருங்கள். படத்தில் இருப்பது யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.