மருதமுனைத் தறியும் நெய்தவர் தோளும்

அம்பாறைக் கரையோரத்தின் வரலாற்றை எழுதுவோர் முதலில் வயலைச் சொல்வர், அடுத்துக் கடலைச் சொல்வர். மருதமுனைக்கு வரும்போது தறியைச் சொல்வர். கல்முனைக்கு வடக்கே பாண்டிருப்பைக் கடந்ததும் வரும் இவ்வூரின் சாரனும் சேலையும் நாடறிந்தவை. எத்தனை தறிகள் இருந்தன, எவ்வளவு துணி போயிற்று என்பதெல்லாம் பேசப்பட்டிருக்கின்றது. அந்தத் தறிகளை இயக்கிய கைகள் என்னவாயின என்பது மட்டும் பேசப்படுவதில்லை. எனவே இக்கட்டுரை துணியை விட்டுத் தோளைப் பற்றிப் பேசுகின்றது.

பழைய தறியில் நெசவாளர் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் ஏந்துவார். இரு கைகளும் மாறி மாறி ஒரே வேலையைச் செய்தன. கைகள் எட்டும் தூரமே துணியின் அகலம். 1733இல் இங்கிலாந்தில் ஜோன் கே என்பவர் கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் பொறியமைப்புக்கு உரிமம் பெற்றார். அது உலகெங்கும் பரவி எமது குழித்தறிகளுக்கும் வந்து சேர்ந்தது. துணி அகன்றது, வேகம் கூடியது. ஆனால் உடம்பின் கணக்கு மாறிப்போயிற்று. வலக்கை நாள் முழுதும் கயிற்றை வெட்டி இழுக்கும், இடக்கை பலகையை முன்னும் பின்னும் ஆட்டி இழையை அடித்து நெருக்கும். ஒவ்வொரு கையும் ஒரே அசைவுக்கு அடிமையாயிற்று.

எத்தனை முறை என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் அங்குலத்தில் 50 ஊடை இழைகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு யார் நீளமான ஒரு சாரன் 72 அங்குலம். ஆக, ஒரு சாரனுக்கு வலக்கை 3,600 தடவை இழுக்கின்றது, இடக்கை 3,600 தடவை அடிக்கின்றது. நாளுக்கு இரண்டு சாரன் என்றால் இது இரட்டிப்பாகும். இப்படியே முப்பது ஆண்டுகள்!

தோள்மூட்டு மனித உடலில் மிகச் சுதந்திரமாக அசையும் மூட்டாகும். அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. மேற்கை என்பின் உருண்டைத் தலை பெரிது, அது பொருந்தும் தோட்பட்டைக் குழியோ ஆழமற்றது. ஒரு சிறு தட்டின்மேல் பந்தை வைத்தாற்போன்ற அமைப்பு. பந்து உருண்டு விழாமல் நான்கு சிறு தசைகள் சுற்றிலும் பிடித்துக்கொள்கின்றன. அவற்றுள் மேலே உள்ள தசையின் நாண், தோளின் கூரைபோல் நீண்டிருக்கும் என்பு முனைக்கும் மேற்கைத் தலைக்கும் இடையே ஒடுங்கிய சந்தொன்றில் ஓடுகின்றது. கையை முன்னே நீட்டி, சற்றே உயர்த்தி ஆயிரக்கணக்கான முறை அசைக்கும்போது அந்நாண் அங்கே உரசும். முதலில் வீங்கும், பின்னர் நைந்துபோகும், ஈற்றில் கிழியவும் கூடும். கையைப் பக்கவாட்டில் 60 பாகையிலிருந்து 120 பாகை வரை உயர்த்துகையில் வலி குத்தும், அதற்கு மேலே குறையும். சுவரில் மாட்டிய சட்டையை எடுக்கையிலும் தொழுகையில் தக்பீருக்குக் கைகளை உயர்த்துகையிலும் அந்த வலி தன்னைக் காட்டிக்கொள்ளும்.

முழங்கைக்கும் ஒரு கதை உண்டு. கயிற்றின் பிடியை இறுகப் பற்றி வெட்டி இழுக்கையில் மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் விறைக்கின்றன. அவை முழங்கையின் வெளிப்புற என்பு மேட்டில் ஒட்டியிருப்பவை. வலி அங்கேதான் பிறக்கின்றது. 1873இல் ரூங்கே என்ற ஜேர்மனிய மருத்துவர் இதனை எழுத்து வேலையோடு தொடர்புபடுத்தி விவரித்தார். பத்தாண்டுகளுக்குள் அதற்கு 'டென்னிஸ் முழங்கை' என்ற பெயர் வந்துவிட்டது. மட்டையைத் தொட்டே அறியாத தொழிலாளர்தாம் இதனால் வருந்துவோரிற் பெரும்பாலானோர். ஓய்வு நேர விளையாட்டின் பெயர் ஏட்டில் ஏறிற்று. மருதமுனையிற் பெயர் சூட்டியிருந்தால் அது தறி முழங்கை ஆகியிருக்கும்.

நாடாவுக்குள் வைக்கும் கட்டைக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் பெண்களின் வேலை தறிக்கணக்கிற் சேர்வதே இல்லை. நூலைப் பிடித்த பெருவிரலும் இராட்டையைச் சுழற்றும் மணிக்கட்டுமே அவர்களின் கருவிகள். பெருவிரற் பக்க மணிக்கட்டில் இரு நாண்கள் ஒரே உறைக்குள் உராய்ந்து வீங்கும் நோயை 1895இல் சுவிற்சர்லாந்தின் டி கெர்வேன் விவரித்தார்.

இதே கரையிற் கரைவலை இழுப்போரின் உழைப்பு வேறு வகையானது. அங்கே பலர் சேர்ந்து, பாட்டின் தாளத்துக்கு ஒரே கணத்தில் இழுக்கின்றனர். சுமை பகிரப்படுகின்றது, இரு இழுப்புகளுக்கு நடுவே தசைக்குச் சிறு ஓய்வு கிடைக்கின்றது. காலும் முதுகும் கைக்குத் துணை நிற்கின்றன. நெசவாளர் தனித்தவர், அவருடைய தாளம் தறியின் தாளம்.

தோள் விலகினால், கை முறிந்தால் போவதற்கு எமது ஊர்களில் முறிவு நெறிவு வைத்தியம் தலைமுறைகளாக இருந்து வருகின்றது. விழுந்த நாளும் இடமும் சொல்லக்கூடிய காயத்துக்கு எண்ணெயும் கட்டும் ஓய்வும் உண்டு. தறி தரும் காயத்துக்கோ நாளில்லை. அதற்கும் முதன் மருந்து ஓய்வுதான். துணிக்குத் துணி கூலி வாங்குபவர் அந்த மருந்தை எங்ஙனம் வாங்குவார்?

இந்தக் கேள்வி 1977இன் பின்னர் கடுமையாயிற்று. அதற்கு முன்னைய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் உள்நாட்டுத் துணிக்குச் சந்தை இருந்தது, மருதமுனை செழித்தது. ஜே.ஆர். ஜயவர்தன அரசின் திறந்த பொருளாதாரம் மலிவான வெளிநாட்டுத் துணியைக் கொண்டுவந்தபோது தறிகள் பல ஓய்ந்தன. ஓயாத தறியில் இருந்தவர் அதே வருமானத்துக்குக் கூடுதலான முழம் நெய்ய வேண்டியதாயிற்று. பொருளியலாளர் இதனைப் போட்டி என்பர். தோளின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது இன்னும் சில ஆயிரம் இழுப்புகள். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அந்த இழப்பின் முன் தறியைப் பற்றிப் பேசுவதே கூச்சத்துக்குரியதாக இருந்தது. எனினும் எஞ்சியவர்கள் மீண்டும் குழியிற் கால் வைத்தே ஆகவேண்டியிருந்தது.

1934ஆம் ஆண்டு இரு காரணங்களால் இங்கே நினைவுக்கு வருகின்றது. அவ்வாண்டில்தான் பொஸ்டன் நகரின் சத்திர சிகிச்சை நிபுணர் கொட்மன், தோளைப் பற்றியே ஒரு தனிநூல் எழுதி, கிழிந்த நாண் தொழிலாளரை எப்படி முடக்குகின்றது என்று காட்டினார். அவ்வாண்டில்தான் இலங்கையில் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. வேலை செய்விப்பவர் ஒருவர், செய்பவர் ஒருவர் என இருவர் இருப்பதே அச்சட்டத்தின் அடிப்படை. தன் வீட்டில், தன் தறியில் நெய்து, துணியைக் கொண்டுபோய் விற்கும் மருதமுனை நெசவாளருக்கு அந்த முதலாமவர் இல்லை.