வெளியிட அச்சமும் சமூகப் பதற்றமும்

அகோராஃபோபியா எனப்படும் வெளியிட அச்சமும் சமூகப் பதற்றமும் பதற்ற நோய்கள் என்ற ஒரே வகைக்குள் வருபவை. பேருந்து, கடைவீதி, நீண்ட வரிசை, பெரிய மைதானம் போன்ற இடங்களில் திடீரென்று மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ தப்பிக்க வழியிருக்காது, உதவிக்கும் ஆள் கிடைக்காது என்ற பயம் முதலாவது. பிறர் தன்னைக் கவனிக்கிறார்கள், எடைபோடுகிறார்கள், எதையாவது உளறி அவமானப்பட்டுவிடுவோம் என்ற பயம் இரண்டாவது. இரண்டுமே ஆளை வீட்டுக்குள் முடக்கிவிடக்கூடியவை என்பதால் குடும்பத்தார் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ‘வெளியே வரமாட்டேங்கிறான்’ என்ற ஒரே புகார்தான் இரண்டிலும் எழுகிறது.

வரலாறு

ஆங்கில எழுத்தாளர் ராபர்ட் பர்ட்டனின் மனச்சோர்வு பற்றிய பெருநூல் 1621இல் முதலில் வெளிவந்தது. அந்த நூலில் இந்த இரு வகை நோயாளிகளுமே இருக்கிறார்கள். மயங்கி விழுந்து செத்துவிடுவோமோ என்று வீட்டைவிட்டுத் தனியே நடக்கத் துணியாதவர் ஒருவர். பேச்சிலோ நடத்தையிலோ தவறி இழிவுபட்டுவிடுவோம் என்று நாலு பேர் கூடும் இடத்துக்கு வராதவர் இன்னொருவர். முதலாமவரை மொன்டானுஸ் என்ற மருத்துவரின் குறிப்பிலிருந்தும் இரண்டாமவரை ஹிப்போகிரட்டிஸின் பெயரிலும் பர்ட்டன் எடுத்துத் தருகிறார்.

வெளியிட அச்சத்துக்கு மருத்துவப் பெயர் சூட்டியவர் பெர்லின் மனநோய் மருத்துவர் கார்ல் வெஸ்ட்ஃபால். 1871இல் அவர் விவரித்த நோயாளிகள் மூவர்; மூவரும் ஆண்கள். அகலமான சதுக்கங்களையும் ஆளில்லாத தெருக்களையும் கடக்க முடியாமல் தவித்தவர்கள். அந்த இடத்தைத் தவிர்க்க வெகுதூரம் சுற்றிக்கொண்டு போவார்கள். கடைகள் மூடித் தெரு வெறிச்சோடிய நேரத்தில் பயம் இன்னும் கூடும். பக்கத்தில் ஒருவர் நடந்தால் போதும், தணிந்துவிடும். ஆள் கிடைக்காதபோது முன்னால் போகும் வண்டியோ கையில் ஒரு தடியோகூடத் துணையானது. கொஞ்சம் பீரோ ஒயினோ குடித்துவிட்டுக் கடந்ததும் உண்டு. ஒருவர் தவறான நோக்கம் ஏதுமின்றி ஒரு பாலியல் தொழிலாளியைத் தன் வீட்டு வாசல்வரை துணைக்கு அழைத்துப் போயிருக்கிறார். நோயின் இயல்பு முழுவதும் இந்தச் சிறு குறிப்புகளிலேயே இருக்கிறது. பின்னாளில் வந்த பல நீண்ட விளக்கங்களைவிட இவை தெளிவானவை.

வெஸ்ட்ஃபாலுக்கு ஓராண்டு முன்னதாக வியன்னாவில் மருத்துவர் மோரிட்ஸ் பெனெடிக்ட் இதே நிலையைச் சதுக்கத் தலைசுற்றல் என்று கொண்டார். தலைசுற்றல் முதன்மையல்ல, பயமே முதன்மை என்று வெஸ்ட்ஃபால் மறுத்தார். அவர் பக்கமே நியாயம் இருந்தது. 1895இல் சிக்மண்ட் ஃபிராய்டு இன்னும் ஒரு படி போனார். நோயாளி அஞ்சுவது இடத்தை அல்ல, முன்பு அங்கே வந்த பதற்றத் தாக்குதல் மீண்டும் வருமோ என்பதையே என்றார்.

சமூகப் பதற்றத்தின் கதை பிரான்ஸில் தொடங்குகிறது. 1901இல் பால் ஹார்டன்பெர்க் கூச்சம் பற்றித் தனிநூல் எழுதினார். 1903இல் பியர் ஜானே, பிறர் பார்க்கப் பேசவும் எழுதவும் பியானோ வாசிக்கவும் அஞ்சியவர்களைச் சமூகச் சூழல் அச்சம் என்ற தலைப்பில் சேர்த்தார். ஜப்பானில் மருத்துவர் ஷோமா மோரிட்டா இதையும் உள்ளடக்கிய பதற்ற நிலைகளுக்கெனத் தனிச் சிகிச்சை முறையே வகுத்தார்.

வகைப்பாடு

இவ்வளவு இருந்தும், 1968இல் வெளியான அமெரிக்க மனநோய்க் கையேட்டின் இரண்டாம் பதிப்பு எல்லா அச்சங்களையும் ஒரே பெயரில் அடைத்தது. அதற்கு முன்பே பிரித்துக் காட்டியிருந்தவர்கள் லண்டன் மருத்துவர்கள் ஐசக் மார்க்ஸும் மைக்கேல் கெல்டரும். 1966இல் அவர்கள் பார்த்தது நோய் தொடங்கும் வயதை. சமூக அச்சம் பெரும்பாலும் பருவமடைந்த பிறகு, சராசரியாக இருபது வயதை ஒட்டித் தலைகாட்டியது. வெளியிட அச்சம் சராசரியாக இருபதுகளின் நடுவில் வந்தது. 1979இல் மார்க்ஸும் ஆண்ட்ரூ மேத்யூஸும் வெளியிட்ட அச்ச வினாத்தாளில் இரண்டுக்கும் ஐந்தைந்து கேள்விகள் தனித்தனியே உண்டு. பேருந்தில் தனியே போவது, கூட்டமான கடைக்குள் நுழைவது ஒரு பக்கம். பிறரோடு சாப்பிடுவது, மேலதிகாரியிடம் பேசுவது மறுபக்கம்.

1980இல் அமெரிக்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு சமூக அச்சத்தைத் தனி நோயாக ஏற்றது. வெளியிட அச்சமோ 1987இல், திடீர்ப் பதற்றத் தாக்குதல்கள் திரும்பத் திரும்ப வரும் திகில் நோயின் கிளையாக்கப்பட்டது. இமிப்ரமின் மருந்து திகில் தாக்குதலை நிறுத்துவதைக் கண்ட மனநோய் மருத்துவர் டொனால்ட் க்ளைனின் செல்வாக்கு இதில் பெரிது. திகில் தாக்குதலே வராமல் வெளியிட அச்சம் கொண்டவர்கள் இருப்பதால், 2013இல் ஐந்தாம் பதிப்பு அதை மீண்டும் தனி நோயாக்கியது சரியான திருத்தமே.

வேறுபாடு

இரண்டையும் பிரித்தறிய எளிய கேள்வி ஒன்று உண்டு: கூட யாராவது வந்தால் எப்படி இருக்கும்? வெளியிட அச்சம் உள்ளவர், ‘என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க’ என்பார். மனைவியோ தம்பியோ உடன் வந்தால் சந்தைக்கும் போய்வருவார். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் கலகலப்பாகப் பேசுவார். சமூகப் பதற்றம் உள்ளவருக்கு அந்த விருந்தினர்தான் தொல்லை. ஆளில்லாத தெருவில் அவர் நிம்மதியாக நடப்பார். வெஸ்ட்ஃபாலின் நோயாளிகளை நடுங்கவைத்த அதே வெறிச்சோடிய தெரு இவருக்கு விடுதலை.

உடலும் வேறு பேசுகிறது. 1983இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஒப்பாய்வில் முகம் சிவத்தலும் தசைத் துடிப்பும் சமூக அச்சத்தில் மிகுதி. கைகால் சோர்வும் மூச்சுத் திணறலும் மயக்க உணர்வும் வெளியிட அச்சத்தில் மிகுதி. பார்வைக்குத் தெரியும் அறிகுறி எதுவோ அதையே சமூகப் பதற்றக்காரர் அஞ்சுகிறார். வங்கியில் கையெழுத்துப் போடும்போது விரல் நடுங்குவதை எதிரில் இருப்பவர் பார்த்துவிடுவாரே என்பதுதான் அவர் கவலை. மயங்கி விழுவதில் அவமானமும் உண்டு என்பதால் எல்லை சில இடங்களில் கலங்கும். ஆனால் எதை முதலில் அஞ்சுகிறார் என்று பொறுமையாகக் கேட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சிகிச்சை

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகளும் இரண்டுக்கும் பயன் தருகின்றன. வெளியிட அச்சத்தில் அஞ்சும் இடத்துக்குப் படிப்படியாகப் போய்ப் பழகுவது முக்கியம். சமூகப் பதற்றத்தில் தன்மீதே குவியும் கவனத்தைப் பிறர்மீது திருப்புவதும் சேர வேண்டும். உலக சுகாதார அமைப்பின் 11ஆம் நோய்ப் பட்டியல் இவற்றுக்கு 6பி02, 6பி04 என்று தனித்தனிக் குறியீடு தருகிறது. ஒருவரிடமே இரண்டும் இருந்தால் இரண்டையும் பதிந்து, இரண்டுக்கும் சிகிச்சை தர வேண்டும்.