சிறு குழந்தைக்கு அடிபடுதல்

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை விழுந்தோ, இடித்துக்கொண்டோ, சுட்டுக்கொண்டோ அழும்போது வீட்டிலேயே வைத்துக் கவனிக்கலாமா, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா என்று பெற்றவர்கள் சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மும்பை வட்டாரத்தில் தமிழர் நிறைந்த தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், செம்பூர், தாணே பகுதிகளில் இந்த முடிவின் மேல் வேறு சில சுமைகளும் ஏறுகின்றன: செங்குத்தான இரும்பு ஏணி வைத்த வீடு, ஒரு நாள் கூலி இழப்பு, பெரிய மருத்துவமனையின் வரிசை, அடுத்த சந்திலேயே கிடைக்கும் ஊசி. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப்பும் 2008-இல் வெளியிட்ட அறிக்கை, எதிர்பாராத காயங்களால் உலகில் நாள்தோறும் 2,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறப்பதாகக் கணக்கிட்டது. அதே நேரம், அடிபடும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு மருந்தே தேவைப்படுவதில்லை.

அழுகையும் அமைதியும்

மூன்று வயதுக்குக் கீழே, எங்கே வலிக்கிறது என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையை நம்ப முடியாது. கால் எலும்பில் கீறல் விழுந்த பிள்ளை வயிற்றைத் தொட்டுக் காட்டும். நாம் எந்த இடத்தைத் தொட்டுக் கேட்டாலும் தலையை ஆட்டும். முகப்படங்களைக் காட்டி வலியின் அளவைச் சொல்லவைக்கும் முறையும் ஏறக்குறைய மூன்று வயதிலிருந்தே பலிக்கும். பேச்சு வராத பிள்ளைகளுக்காக 1997-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். முகம், கால்களை வைத்திருக்கும் விதம், உடலசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் இடுவது அது. வீட்டில் இருப்பவருக்கு இவற்றுள் மிகவும் உதவுவது கடைசிக் கேள்வி. மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்ததும் விசும்பல் குறைந்து, சற்று நேரத்தில் பிஸ்கட் கேட்டு, இறங்கி ஓடும் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். எவ்வளவு தேற்றியும் அடங்காத பிள்ளையை, காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், மருத்துவர் பார்க்க வேண்டும்.

அழுகை எவ்வளவு உரக்க வருகிறது என்பதை வைத்து அபாயத்தை அளக்க முடியாது. வீறிட்டு அழும் பிள்ளைக்கு மூச்சும் நினைவும் இருக்கின்றன என்பதாவது உறுதி. விழுந்தபின் சத்தமில்லாமல், கண் சொருகி, உடம்பு துவண்டு கிடக்கும் பிள்ளைதான் முதல் அவசரம். அவசரப் பிரிவு மருத்துவர்கள் குழந்தையைத் தொடுவதற்கு முன்பே மூன்றைப் பார்த்துவிடுவார்கள்: ஆளைக் கவனிக்கிறதா, மூச்சுக்குத் திணறுகிறதா, தோல் வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருக்கிறதா. இந்த மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் வேறு எதையும் ஆராய வேண்டாம். 108-ஐ அழைக்கலாம், அல்லது கிடைத்த வண்டியில் கிளம்பலாம்.

வலிக்கு எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் தரலாம். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வலி தணிய வேண்டிய நேரத்துக்குப் பிறகும் கையைத் தொட விடாத பிள்ளைக்குக் காயம் உள்ளே இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். நிமசுலைடு மருந்தை 12 வயதுக்கு உட்பட்டோருக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2011-இல் தடைசெய்தது. பெரியவர்களுக்கு வாங்கிய அட்டையிலிருந்து பாதி மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தலையில் அடி

பெற்றோரை அதிகம் அஞ்சவைப்பது தலைக்காயம். நன்றாக ஆராயப்பட்டதும் அதுவே. 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வு ஒன்று, 25 அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குத் தலையில் அடிபட்டு வந்த 42,412 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து, எந்தப் பிள்ளைக்கு சி.டி. ஸ்கேன் இல்லாமலே நிம்மதியாக இருக்கலாம் என்று பிரித்துக் காட்டியது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது கவனிக்கச் சொன்னவை: நினைவுத் தெளிவு மாறியிருத்தல், ஐந்து வினாடியோ அதற்கு மேலோ மயங்கிக் கிடத்தல், நெற்றியில் அல்லாமல் பக்கவாட்டிலோ பின்மண்டையிலோ புடைப்பு, விரலுக்குத் தட்டுப்படும் மண்டையோட்டு முறிவு, விழுந்த உயரம். இவற்றோடு இன்னொன்றும் உண்டு: பிள்ளை வழக்கம்போல் இல்லை என்று பெற்றவர் சொல்வது. 'இவன் இப்படி இருக்கமாட்டான் டாக்டர்' என்று ஒரு தாய் சொல்வதை மருத்துவ அறிகுறிகளின் வரிசையில் வைத்ததுதான் அந்த ஆய்வு செய்த பெரிய காரியம். பரபரப்பான பிரிவில் அந்தச் சொல்லை யாரும் காதில் வாங்காவிட்டால், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லும் உரிமை தாய்க்கு உண்டு. இரண்டு வயது கடந்தவர்களுக்கு வாந்தி, கடும் தலைவலி, சிறிது நேரமேயானாலும் மயக்கம், மண்டையின் அடித்தளம் உடைந்ததற்கான குறிகள் ஆகியவை சேரும். காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் அல்லது இரத்தம் வடிவதும், கண்ணைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கருமை படர்வதும் அந்தக் குறிகள்.

உயரத்தைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வு இரண்டு வயதுக்குக் கீழே மூன்று அடிக்கு மேலும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்து அடிக்கு மேலும் விழுவதைக் கடுமையான விழுகை என்று வகுக்கிறது. கட்டிலிலிருந்தோ தரையை ஒட்டித் தொங்கும் தூளியிலிருந்தோ விழுவது பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். தாராவியில் மாடி அறைக்குப் போகும் ஏணியோ ஆள் உயரத்தைத் தாண்டியது, செங்குத்தாக நிற்பது, பல வீடுகளில் கைப்பிடியும் இராது, கீழே சிமெண்டுத் தரை அல்லது சந்தின் கல். அன்றாடம் ஏறி இறங்குவதால் 'ஏணியிலிருந்துதானே விழுந்தான்' என்று சொல்லிவிடுகிறோம். மேல்படியிலிருந்து விழுந்த கைக்குழந்தை மருத்துவக் கணக்கில் கடுமையாக அடிபட்ட பிள்ளை. அதற்காக உடனே ஸ்கேன் வேண்டும் என்பதில்லை. மருத்துவர் ஒருவர் பார்த்து, சில மணி நேரம் கண்காணிப்பில் வைப்பதே பலருக்குப் போதும். ஸ்கேன் கதிர்களால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகச் சிறியதே என்றாலும் வளரும் பிள்ளைக்கு அது கூடுதல் என்பதால், தேவையில்லாமல் எடுக்க மருத்துவர்கள் தயங்குவது சரியே.

அடிபட்ட உடனே பயத்தில் ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டுத் தெளிவாக இருக்கும் பிள்ளை ஏராளம். மறுபடி மறுபடி எடுத்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலையில் அடிபட்டால் தூங்க விடக்கூடாது என்பது நம் வீடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. அழுது களைத்த பிள்ளை வழக்கமான நேரத்தில் தூங்கலாம். இடையில் எழுப்பினால் முனகிச் சிணுங்கி முகம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். எழுப்பியும் எழாத பிள்ளைக்குத்தான் ஆபத்து. நெற்றியில் புடைத்ததைச் சூடுபறக்கத் தேய்த்து அமுக்குவதைவிட, குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றிவைப்பது நல்லது.

கையும் காலும்

ஒன்று முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளுக்கு அடிக்கடி நேர்வது முழங்கை விலகல். புறப்படும் லோக்கல் ரயிலில் ஏற்றவோ, சாலையோரத்திலிருந்து விலக்கவோ ஒரு கையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கும்போது முழங்கையின் ஆரை எலும்புத் தலை தன் வளையத் தசைநாரிலிருந்து நழுவும். பிள்ளை கையை லேசாக மடக்கி, உள்ளங்கை கீழ்நோக்கியபடி உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, அதை அசைக்கவே மறுக்கும். வீக்கமும் இராது, சும்மா இருக்கும்போது அழுகையும் இராது. பழகிய மருத்துவர் ஒரே திருப்பில் சரிசெய்துவிடுவார். சில நிமிடங்களில் பிள்ளை அதே கையை நீட்டிப் பொம்மையை வாங்கும்.

பெரியவர்களுக்குச் சுளுக்கு என்று சொல்லப்படும் பல காயங்கள் சிறு பிள்ளைகளிடம் எலும்புக் காயமாகவே இருக்கும். மூட்டைக் கட்டும் தசைநாரைவிட எலும்பின் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு பலவீனமானது; இழுவிசை வந்தால் தட்டுதான் முதலில் பிரியும். நடைபயிலும் பிள்ளை தடுக்கி விழுந்து, பிறகு காலை ஊன்ற மறுத்தால் கணுக்காலுக்கு மேலே உள்ள எலும்பில் திருகிய கீறல் இருக்கலாம். முதல் நாள் எக்ஸ்-ரேயில் அது தெரியாமலும் போகும். சில நாள் கழித்து எடுத்தால் தெரியும். ஆகவே வீக்கம் இருக்கிறதா என்பதைவிட அந்த உறுப்பைப் பிள்ளை பயன்படுத்துகிறதா என்பதே நல்ல கேள்வி. அந்தக் கையால் சாப்பாட்டை எடுக்கிறானா, நான்கு எட்டு நடக்கிறானா என்று பார்க்க வேண்டும்.

நீட்டிய கையோடு விழுந்து முழங்கைக்கு மேலே வீங்கினால் காத்திருக்கக் கூடாது. ஐந்து முதல் ஏழு வயதில் மிகுதியாக வரும் அந்த முறிவில் முன்கைக்குப் போகும் இரத்தக் குழாய் நசுங்கலாம். இங்கே நாட்டுக்கட்டு பற்றிப் பேசியாக வேண்டும். புத்தூர்க் கட்டின் பெயர் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. மும்பையிலும் மராத்தியர் ஹாட்வைத்ய என்று அழைக்கும் எலும்பு வைத்தியர்கள் இருக்கிறார்கள். செலவு குறைவு, கனிவாகப் பேசுவார்கள், வரிசையில்லை. அவர்களிடம் போவோரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் புதிதாக முறிந்த முழங்கையில் மூங்கில் பட்டை வைத்து இறுகக் கட்டியதால் விரல்கள் அழுகி, கையையே எடுக்க நேர்ந்த பிள்ளைகளைப் பற்றி இந்திய எலும்பு மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் எழுதியிருக்கிறார்கள். எந்தக் கட்டானாலும், மருத்துவமனை மாவுக்கட்டே ஆனாலும், விரல்கள் உப்பி, குளிர்ந்து, நீலமாகி, நீட்டினால் பிள்ளை துடித்தால் அதே மணி நேரத்தில் அவிழ்க்கச் செய்ய வேண்டும்.

கைக்குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் வீறிட்டால் 'உரம் விழுந்திருக்கு' என்று சேலையில் போட்டு உருட்டி உரம் எடுக்கும் பழக்கம் நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கும் வந்தது. அதற்கு முன்பு பிள்ளையின் இரண்டு கைகளும் இரண்டு கால்களும் ஒன்றுபோல் அசைகின்றனவா என்று பார்ப்பது நல்லது. ஒன்று அசையாமல், உடம்பும் சுட்டால், விழுந்த கதை எதுவாக இருந்தாலும், மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்க வாய்ப்புண்டு. தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் மூட்டைத் தின்னும்.

சூடு, வெட்டு, கடி

சமையலும் குளியலும் தூக்கமும் ஒரே அறையில் நடக்கும் வீட்டில் வெந்நீரும் சாம்பாரும் பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. சுட்ட இடத்தில் உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிட வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நேரமானால் குடத்து நீரை மெல்ல ஊற்றிக்கொண்டே இருக்கலாம். பேஸ்ட், மை, இட்லி மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். புண்ணின் ஆழத்தை மருத்துவர் பார்க்க முடியாமல் போகும். பிள்ளையின் உள்ளங்கை அளவைத் தாண்டிய சூட்டுக்காயம், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பில் பட்டது, மின்சாரத்தால் வந்தது ஆகிய எல்லாமே மருத்துவமனைக்குரியவை.

வெட்டுக் காயத்தைச் சுத்தமான துணியால் விடாமல் பத்து நிமிடம் அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லை, அல்லது வாய் பிளந்து நிற்கிறது என்றால் தையல் வேண்டும். காப்பித்தூள் வைத்து அடைப்பது அழுக்கை உள்ளே விட்டு மூடுவதாகும். நாய் கடித்தாலும் பல் லேசாகக் கீறினாலும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். மாநகராட்சி மருத்துவமனைகளில் அது இலவசம். பொம்மையிலிருந்து கழன்ற பட்டன் பேட்டரியை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும்.

கதை பொருந்தாத காயம்

தவழவே தொடங்காத குழந்தையின் உடலில் கன்றிய தழும்பு தானாக வராது. சொல்லப்படும் கதைக்கும் காயத்துக்கும் பொருத்தமில்லை என்றால், அல்லது கதை ஆளுக்கு ஆள் மாறினால், மருத்துவர் தூண்டித் துருவிக் கேட்பார். அது அவமதிப்பில்லை, அவர் கடமை. பிள்ளைகளுக்கான 1098 உதவி எண், செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாக 1996-இல் பிறந்தது. இன்று நாடு முழுவதும் இயங்குகிறது. அக்கம்பக்கத்தாரும் அதை அழைக்கலாம்.

எங்கே போவது

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் மிக அருகில் இருப்பது 1947-இல் தொடங்கிய லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை, எல்லோர் வாயிலும் சயான் ஆஸ்பத்திரி. தாராவிக்குள்ளேயே அதன் நகர்ப்புற நல மையம் 'சோட்டா சயான்' என்ற பெயரில் இயங்குகிறது. சிறு வெட்டு, பார்த்துவிட்டு அனுப்பக்கூடிய அடி போன்றவற்றுக்கு முதலில் அங்கே போகலாம். குழந்தைகளுக்கென்றே 1929 முதல் நடக்கும் வாடியா மருத்துவமனை பரேலில் இருக்கிறது. ஆனால் சயானைத் தாண்டித் தெற்கே ஆட்டோ ஓடாது, டாக்சிதான் பிடிக்க வேண்டும். தாணேக்காரர்களுக்குக் கல்வாவில் மாநகராட்சியின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் மருத்துவமனை. சயானைப் பழகிய குடும்பங்கள் தாணேக்குக் குடிபோன பிறகும் அவசரத்துக்கு நெடுஞ்சாலை நெரிசலில் சயானுக்கே ஓடிவருவதுண்டு. மூச்சோ நினைவோ சரியில்லாத பிள்ளைக்கு அந்தத் தூரம் ஆகாது.

இரவில் அடிபட்டால் காலை ஓ.பி.டி. திறக்கும்வரை பொறுத்திருப்பதும், கூலி போகுமே என்று ஞாயிற்றுக்கிழமைவரை தள்ளுவதும் அடிக்கடி நடக்கிறது. கேஷுவால்ட்டி 24 மணி நேரமும் திறந்திருக்கும். கேஸ் பேப்பர் எடுத்தால் போதும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயமும் சிலரைத் தடுக்கிறது. பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-இல் அளித்த தீர்ப்பின்படி, காவல்துறை நடைமுறைக்காகக் காத்திராமல் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடங்குவது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மருத்துவரின் கடமை.

கிளம்பும்போது தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை மணிக்கு, எந்தப் படியிலிருந்து, எதன்மேல் விழுந்தது, உடனே அழுததா, எத்தனை முறை வாந்தி எடுத்தது, என்ன மருந்து கொடுத்தோம் என்பதை நேரில் பார்த்தவரே சொல்வது நல்லது. வேலைக்குப் போயிருந்த தந்தை கேட்டதைச் சொல்வதைவிட, மராத்தியோ இந்தியோ சரளமில்லாத பாட்டியை முன்னால் நிறுத்தி மற்றவர் மொழிபெயர்க்கலாம். எலும்பு முறிந்ததாகவோ ஆழமாக வெட்டுப்பட்டதாகவோ தெரிந்தால், அழுகையை நிறுத்த வழியில் பாலோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து தர வேண்டியிருந்தால் வயிறு காலியாகும்வரை பிள்ளையைக் காக்கவைக்க நேரும்.