கொரோனாக் காலத்தில் இந்தியத் தொழில்முறைக் கிரிக்கெட்

2020 மார்ச் 13 அன்று சிட்னி மைதானத்தில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒருநாள் போட்டியில் மோதின. அரங்கில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறந்த பந்து காலி இருக்கைகளுக்கு இடையே விழுந்தபோது, களத்தில் நின்ற வீரரே ஏறிப்போய்த் தேடி எடுத்துவர வேண்டியிருந்தது. அதே நாளில் ராஜ்கோட்டில் ரஞ்சிக் கோப்பை இறுதிப்போட்டியின் ஐந்தாம் நாள் ஆட்டமும் பூட்டிய அரங்கில் நடந்தது. வங்காள அணிக்கு எதிரான அந்தப் போட்டியில், முதல் இன்னிங்சில் பெற்ற முன்னிலையால் சௌராஷ்டிரா முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது, கைதட்ட ஆளில்லை. ஐந்து நாட்களுக்கு முன்புதான் மெல்போர்னில் மகளிர் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதிப்போட்டியை 86,174 பேர் நேரில் பார்த்திருந்தார்கள்.

மார்ச் 29இல் தொடங்கவிருந்த ஐபிஎல் தொடரை ஏப்ரல் 15க்குத் தள்ளிவைப்பதாக இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் (பிசிசிஐ) அறிவித்ததும் அந்த மார்ச் 13ஆம் நாளில்தான். பின்னர் நாடு தழுவிய ஊரடங்கு வந்தது. தொடர் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் சில போட்டிகள் பெருஞ்செலவில் நடத்தப்பட்டன, சில அடியோடு கைவிடப்பட்டன. நோயின் கடுமை மட்டும் இதைத் தீர்மானிக்கவில்லை. ஒரு போட்டிக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானித்தது.

வருவாயின் அமைப்பு

தொழில்முறை விளையாட்டுக்கு மூன்று வழிகளில் பணம் வருகிறது: நுழைவுச்சீட்டு, விளம்பர ஆதரவு, ஒளிபரப்பு உரிமை. ஐபிஎல் தொடரில் மூன்றாவதே முதன்மையானது. 2018 முதல் 2022 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கான ஒளிபரப்பு உரிமையை ஸ்டார் இந்தியா நிறுவனம் 16,347.50 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. ஆண்டுக்கு 60 ஆட்டங்கள் என்று கணக்கிட்டால், ஓர் ஆட்டத்துக்கு 54 கோடி ரூபாய்க்கும் மேல் ஆகிறது. அரங்கில் ஒருவரும் இல்லாவிட்டாலும் ஆட்டம் நடந்தால் இந்தப் பணம் வரும், நடக்காவிட்டால் வராது. ஆகவே காலி அரங்கு என்பது வாரியத்துக்குத் தாங்கக்கூடிய இழப்பு, நடக்காத தொடர் தாங்க முடியாத இழப்பு.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் விம்பிள்டன் டென்னிஸ். அதன் நிர்வாகிகள் பெருந்தொற்றையும் உள்ளடக்கிய காப்பீட்டைப் பல ஆண்டுகளாக எடுத்து வந்தார்கள். 2020 போட்டியை முழுமையாக ரத்து செய்யும் துணிவு அவர்களுக்கு வந்ததில் அந்தக் காப்பீட்டுக்கும் பங்கு உண்டு. இத்தகைய முன்னேற்பாடு விளையாட்டு உலகில் அரிது.

பாதுகாப்பு வளையம்

பன்னாட்டுக் கிரிக்கெட் 117 நாட்கள் நின்றிருந்து, 2020 ஜூலை 8 அன்று சவுத்தாம்ப்டனில் மீண்டும் தொடங்கியது. இங்கிலாந்தும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய அந்தத் தொடருக்கு சவுத்தாம்ப்டனும் மான்செஸ்டரும் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் எளிது: இரு அரங்குகளிலும் வளாகத்துக்குள்ளேயே விடுதி உண்டு. வீரர்கள் வெளியே செல்லாமல் தங்கி, உண்டு, ஆட முடிந்தது. ‘பயோ பபுள்’ என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாடு பிற நாடுகளுக்கும் பரவியது.

ஆட்ட விதிகளும் மாறின. பந்தைப் பளபளப்பாக்க எச்சில் தடவுவது தடை செய்யப்பட்டது; வேர்வையைப் பயன்படுத்தலாம். டெஸ்ட் போட்டியின் நடுவே தொற்று ஏற்பட்டவருக்கு மாற்றாக வேறொருவர் ஆடலாம். பயணக் கட்டுப்பாடுகளால் போட்டி நடக்கும் நாட்டின் நடுவர்களே பணியாற்ற அனுமதிக்கப்பட்டார்கள். எச்சில் தடை மட்டும் 2022இல் நிரந்தர விதியாகிவிட்டது.

இந்தியாவில் தொற்று பரவிக்கொண்டிருந்ததால் ஐபிஎல் தொடர் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு மாற்றப்பட்டு, 2020 செப்டம்பர் 19 முதல் நவம்பர் 10 வரை துபாய், அபுதாபி, சார்ஜா ஆகிய மூன்று ஊர்களில் நடைபெற்றது. அங்கு சென்றிறங்கிய சில நாட்களிலேயே 13 பேருக்குத் தொற்று உறுதியானது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் இரு வீரர்களும் அவர்களில் அடங்குவர். எனினும் தொடர் நிற்கவில்லை. ஆரவாரம் இல்லாத குறையைப் போக்கப் பதிவு செய்யப்பட்ட கூட்ட இரைச்சலை ஒளிபரப்பில் சேர்த்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 440 கோடி ரூபாய் தந்துவந்த விவோ நிறுவனம் விலகியதால், 222 கோடி ரூபாய்க்கு ட்ரீம்11 அந்த இடத்துக்கு வந்தது. (இந்த இழப்பைக் கொரோனாக் கணக்கில் மட்டும் எழுதுவது சரியன்று, எல்லையில் சீனாவுடன் ஏற்பட்ட மோதலே விவோ விலகியதற்கு உடனடிக் காரணம்.) தொடர் முடிந்தபின், வாரியம் சுமார் 4,000 கோடி ரூபாய் ஈட்டியதாக அப்போதைய பொருளாளர் அருண் துமால் தெரிவித்தார்.

நின்றுபோன ரஞ்சிக் கோப்பை

1934-35 பருவத்தில் தொடங்கிய ரஞ்சிக் கோப்பை இரண்டாம் உலகப் போர் ஆண்டுகளிலும் தடைபடவில்லை. 2020-21 பருவத்தில் அது முதன்முறையாக நடத்தப்படவில்லை. நான்கு நாள் ஆட்டங்களுக்காக 38 அணிகளை மாதக்கணக்கில் பாதுகாப்பு வளையத்தில் வைத்திருப்பது இயலாது என்பது நடைமுறைக் காரணம். அது பொய்யன்று. ஆனால் அந்த வளையத்தின் செலவை ஈடுகட்டும் ஒளிபரப்பு வருவாய் ரஞ்சிக் கோப்பைக்கு இல்லை என்பதும் உண்மை. மாறாக, குறுகிய நாட்களில் முடிந்துவிடும் சையது முஷ்டாக் அலி இருபது ஓவர் கோப்பை 2021 ஜனவரியில் நடத்தப்பட்டது; அதில் தமிழ்நாடு வென்றது.

இதனால் பாதிக்கப்பட்டவர்கள் யார் என்று பார்க்க ஒரு சிறு கணக்கு போதும். ரஞ்சி வீரரின் ஊதியம் அப்போது நாளொன்றுக்கு 35,000 ரூபாய். ஒரு நான்கு நாள் ஆட்டத்துக்கு 1,40,000 ரூபாய். எட்டு ஆட்டங்கள் ஆடியவருக்கு 11 லட்சம் ரூபாய்க்கு மேல் கிடைக்கும். ஐபிஎல் ஒப்பந்தமோ, ரயில்வே, வங்கி போன்ற இடங்களில் வேலையோ இல்லாத வீரருக்கு அதுவே ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி. ஆடினால்தான் பணம், ஆட்டம் இல்லையென்றால் ஒன்றுமில்லை. நடுவர்கள், மதிப்பெண் குறிப்பாளர்கள், ஆடுகளப் பணியாளர்கள், அரங்க வாசலில் கொடியும் தொப்பியும் விற்போர் ஆகியோரின் நிலை இன்னும் மோசம்.

இழப்பீடு 2021 செப்டம்பரில்தான் அறிவிக்கப்பட்டது. 2019-20 பருவத்தில் ஆடியவர்களுக்கு அவர்கள் பெற்ற போட்டி ஊதியத்தில் 50 விழுக்காடு கூடுதலாக வழங்கப்படும் என்றது வாரியம். 40 ஆட்டங்களுக்கு மேல் ஆடிய மூத்த வீரர்களின் நாள் ஊதியமும் 60,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நல்ல உயர்வுதான், ஆனால் பருவம் ரத்தாகி எட்டு மாதங்கள் கழித்து வந்தது.

மகளிர் கிரிக்கெட்டும் இதே வரிசையில் பின்னால் நின்றது. மெல்போர்ன் இறுதிப்போட்டியில் ஆடிய இந்திய மகளிர் அணி, அடுத்த பன்னாட்டுப் போட்டியில் களமிறங்க 2021 மார்ச் 7 வரை ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தது. இடையில் கிடைத்தது சார்ஜாவில் நான்கே ஆட்டங்கள் கொண்ட ஒரு குறுந்தொடர் மட்டும்.

2021: வளையம் உடைந்தது

2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்டுக்குப் பாதி இருக்கைகள் வரை பார்வையாளர்கள் அனுமதிக்கப்பட்டார்கள். சொந்த ஊர் மக்கள் முன்னிலையில் அஸ்வின் சதமடித்தார். நிலைமை சீராகிவிட்டது என்ற நம்பிக்கை பிறந்தது. அது நெடுநாள் நீடிக்கவில்லை.

ஏப்ரல் 9 அன்று சென்னையில் தொடங்கிய ஐபிஎல், இரண்டாம் அலையின் உச்சத்தில் ஊர் ஊராக நகர்ந்தது. தில்லி மருத்துவமனைகளில் ஆக்சிஜன் இன்றி நோயாளிகள் தவித்த நாட்களில் அதே நகரின் அரங்கில் விளக்குகள் எரிந்தன. ஆட்டம் தேவையா என்ற கேள்வி எழுந்தது இயல்பே. வளையத்துக்குள்ளேயே வீரர்களுக்குத் தொற்று ஏற்பட்டதால் மே 4 அன்று, 29 ஆட்டங்களோடு தொடர் நிறுத்தப்பட்டது. இந்தியாவிலிருந்து வருவோருக்கு ஆஸ்திரேலியா தடை விதித்திருந்ததால் அந்நாட்டு வீரர்கள் மாலத்தீவில் காத்திருந்து ஊர் திரும்பினார்கள். எஞ்சிய ஆட்டங்கள் நடக்காவிட்டால் ஏறத்தாழ 2,500 கோடி ரூபாய் இழப்பு ஏற்படும் என்று வாரியத் தலைவர் சௌரவ் கங்குலி கூறினார். செப்டம்பரில் அவை அமீரகத்தில் நடந்தேறின; அக்டோபர் 15 அன்று துபாயில் சென்னை சூப்பர் கிங்ஸ் கோப்பையை வென்றது.

2022 ஜூனில் ஐபிஎல்லின் அடுத்த ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயின. ஏலம் முடிந்து எட்டு நாட்களில் பெங்களூரில் ரஞ்சிக் கோப்பை இறுதிப்போட்டி தொடங்கியது. ராஜ்கோட்டுக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளியில் நடந்த அந்த முதல் இறுதிப்போட்டியில் மும்பையை வீழ்த்தி மத்தியப் பிரதேசம் முதன்முறையாகக் கோப்பையை வென்றது.